முப்பத்தைந்தாம் நாள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் கொட்டாவி வந்து, போனை வண்டிச் சீட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். ஒன்பதாவதோடு நின்றவனுக்கு இதெல்லாம் தேவையா என்று என் நண்பன் சகாயமும் கேட்டான். தேவையில்லைதான். ஆனால் இன்று காலை மல்லூர் தாண்டி ஒரு லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது. அதன் தார்ப்பாயில் நீல நிறத்தில் ஒரு சதுர ஒட்டு. நாலு மூலையிலும் நூல் இரண்டு தடவை திரும்பியிருந்தது. அப்படித் தைக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அந்த ஆள் ஊசியை மூடிவைத்து நாலு வருசம் ஆகிறது. ஒட்டு இன்னும் பிரியவில்லை. சரி, எழுதித் தொலைப்போம் என்று வண்டியை ஓரங்கட்டினேன்.

பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று கேட்டால் அதையும் சொல்லமாட்டார். அக்கா யாருக்கும் எதற்கும் காரணம் சொன்னதில்லை.

கடை புதுச்சத்திரத்தில், ஹைவே ஓரம். கடை என்றால் கதவும் பூட்டும் உள்ள கடை இல்லை. நாலு இரும்புக் கால், மேலே தகரம், கீழே ஒரு கனமான தையல் மெஷின். லாரிக்காரர்கள் கிழிந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து போடுவார்கள். அக்கா அதை முழுசாக விரித்து, நடுவில் போய் உட்கார்ந்து ஓட்டை தேடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் பாசி பிடித்த குளத்துக்கு நடுவில் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஐம்பதுக்கு மேல் வயது. ரவிக்கையில் எந்நேரமும் ஒரு கோணி ஊசி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். தைத்து முடித்த தார்ப்பாய்களைப் பட்டறைகளில் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. சகாயம் பக்கத்துக் கடையில் வெல்டிங்.

"ஏனுங்க்கா, நாளைக்கிக் காலைல ஆயிருமுங்களா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள்.

"ஆகாதுங்க."

"ஏனுங்க?"

அந்தக் கேள்வி தார்ப்பாய்மேல் விழுந்து அப்படியே கிடக்கும். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். டிரைவர் கொஞ்ச நேரம் நிற்பார், தலையைச் சொறிவார், பிறகு தானே ஒரு காரணத்தைத் தயார் செய்துகொண்டு கிளம்புவார். "நூலு தீந்துருச்சாட்ட இருக்குது."

இப்படி அக்காவுக்கு வேண்டிய காரணங்களையெல்லாம் அடுத்தவர்கள்தான் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் "இல்லைங்க" என்பார். செத்துப்போனார் என்று பாதி ஊர் எடுத்துக்கொண்டது. லாரியில் வடக்கே போனவர் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று மீதி ஊர். அக்கா இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடவில்லை.

எனக்கும் சகாயத்துக்கும் ஒரு பந்தயம். அக்கா வாயிலிருந்து 'ஏன்னா' என்ற ஒரு சொல்லை நான் வரவைக்க வேண்டும். வரவைத்தால் எனக்கு இரண்டு முட்டை பப்ஸ்.

"அக்கா, இந்த ஊசி ஏனுங்க வளைஞ்சிருக்குது?"

"வளைஞ்சிருக்குது."

"நீங்க ஏனுங்க்கா எப்பப் பாத்தாலும் கறுப்பு நூலே போடறீங்க?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த வெள்ளையக் கொண்டா சாமி" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். வெள்ளை நூலில் தைக்க ஆரம்பித்துவிட்டார். சகாயம் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். நான்தான் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அக்காவுக்கு வயிறு சரியில்லை என்பது எனக்குத் தெரியவந்ததே வண்டியில்தான். ஒரு நாள் சேலம் போகும்போது தன்னையும் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். ஏறி பத்து நிமிடம் ஆகியிருக்காது.

"சாமி, அந்தப் பங்க்குல நிறுத்து."

நிறுத்தினேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு பங்க்கில் நிறுத்தச் சொன்னார். மல்லூருக்கு முன்னால் மூன்றாவது. எந்தப் பங்க்கில் கக்கூஸ் திறந்திருக்கும், எதில் சாவி கேட்க வேண்டும், எதில் தண்ணீர் வராது என்று அக்காவுக்கு மனப்பாடம்.

"டீசல் போடறதுக்கே நானு இத்தன பங்க்கு ஏறுனதில்லீங்க்கா" என்றேன். என் வாய் அப்படி. அக்கா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மூன்றாவது பங்க்கிலிருந்து திரும்பி வந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியில் ஏறக் கால் தூக்கவில்லை. நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை. நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து ஏற்றினேன். கை, துணிக் கொடியில் காயப்போட்ட துண்டு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு சேலம் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இரண்டு வருசமாக இப்படித்தானாம். அதை அக்கா சொல்லவில்லை, மகள் ஸ்டெல்லா சொன்னாள். ஸ்டெல்லா நாமக்கல்லில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு லீவு கிடைக்காது. அதனால் ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு போகிற உத்தியோகம் எனக்கு வந்தது. மேலிருந்து ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள். கீழிருந்து ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். எல்லாம் நன்றாக இருக்கிற ஆள் பத்து கிலோ இளைத்து உட்கார்ந்திருந்தார். கடைசியில், என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது என்று சொல்கிற ஒரு மேடத்திடம் அனுப்பினார்கள்.

மேடம் என்னைப் பார்த்து, "உங்க பையனுங்களா?" என்றார்.

"இல்லைங்க" என்றார் அக்கா.

மேற்கொண்டு ஏதாவது வரும் என்று மேடம் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். வராது என்று எனக்குத் தெரியும். "லோடு வண்டிங்க மேடம்" என்றேன்.

மேடம் பொறுமையான ஆள். "இங்க பாருங்கம்மா. உங்க வயித்துக்கு எது ஒத்துக்கலேன்னு மெஷின் சொல்லல. அப்ப நாமளே கண்டுபுடிக்கணும். சந்தேகப்படற எல்லாத்தையும் ஆறு வாரத்துக்கு மொத்தமா நிறுத்தணும். பாலு, தயிரு, மோரு. கோதுமை, மைதா, ரவை. முட்டை, மீனு, கடலை, சோயா. ஆறு வாரத்துல வயிறு அடங்கிடுச்சுன்னா, ஒண்ணொண்ணா திருப்பிச் சேக்கணும். ஒரு பொருளுக்கு மூணு நாளு. எது உள்ள வந்ததும் வயிறு கலக்குதோ அதுதான் ஆளு."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு திருட்டுக் கேசுக்குத் தெருவையே ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்காரவைத்து, ஒவ்வொருத்தராக வெளியே விட்டுப் பார்க்கிற மாதிரி.

"நடுவுல ஆசைக்கு ஒரு துணுக்கு வாயில போட்டீங்கன்னாலும் போச்சு. திரும்ப ஒண்ணாம் நாள்ல இருந்துதான்" என்றார் மேடம்.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். கேள்வி கேட்டார். அக்கா கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போட்டுக் காட்டினார்.

"இத்தனூண்டு. ஒரு ரூவாக் காசளவு. காயிதமாட்ட மெல்லுசா. அதுங்கூடங்களா?"

"எதுல செஞ்சது?"

"கோதுமைங்க."

"கூடாதும்மா. என்ன பலகாரம் அது?"

அக்கா விரலைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் ஏதோ சேலத்து பேக்கரிச் சாமான் என்றுதான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறவன் நான். போகிறேன் என்றால் வெளியே பைக்குகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். உள்ளே நின்றிருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது, "யாருகிட்டயும் சொல்ல வேண்டாம் சாமி" என்றார்.

"ஏனுங்க்கா?"

ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் ஊர்க்காரன்தானே, எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன். ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தாக்காரிக்குத் தீராத வயிற்று நோவு என்றால், நாளைக்கு மகளுக்கும் வரும் என்பார்கள். தவிரவும், இது நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்கிற மாதிரி நோவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தார். தையல் மெஷின் காலில் ஒரு நோட்டைக் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டார். முதலில் நாள், அப்புறம் சாப்பாடு, அப்புறம் வயிறு. சாப்பாடு என்ற இடத்தில் சோறு, சுரைக்காய் என்றிருக்கும். மறுநாள் சோறு, பூசணி. அதற்கு மறுநாள் சோறு, பீர்க்கன். அப்புறம் மறுபடி சுரைக்காய் வந்து சேரும். வயிறு என்ற இடத்தில் முதல் வாரம் முழுக்க 'கலக்கல்' என்றிருந்தது.

"அக்கா, இன்னைக்குப் பூசணிங்களா, சொரைங்களா?"

"சொரை."

"நாளைக்கு?"

"பூசணி."

"வாழ்க்கைல ஒரு மாத்தம் வேணுமுங்க்கா."

பிசைந்து சாப்பிடுவார். ரசித்துச் சாப்பிடுகிற மாதிரியும் இருக்காது, கஷ்டப்பட்டுச் சாப்பிடுகிற மாதிரியும் இருக்காது. ஓட்டையை அடைக்கிற மாதிரி இருக்கும். முட்டை லாரிகள் போய்க்கொண்டே இருக்கிற ரோட்டில் உட்கார்ந்துகொண்டு முட்டை கூடாது. சுற்றிலும் கடலைக்காய் பிடுங்குகிற பருவத்தில் கடலை கூடாது. சகாயம் வேகவைத்த கடலைக்காயை உள்ளங்கை நிறைய நீட்டினால், "வேண்டாங்க." எனக்கே அலுத்துவிட்டது, பார்த்துப் பார்த்து.

மூன்றாவது வாரம் நோட்டில் 'பரவால்ல' வந்தது. நாலாவது வாரம் 'ஒண்ணுமில்லை' வந்தது. அந்த வாரம் சேலம் போனோம்.

"பங்க்கு வருதுங்க்கா, நிறுத்தட்டுங்களா?"

"போ."

அடுத்த பங்க்கிலும் "போ." மல்லூரில் கேட்காமலே "போ சாமி" என்றார். எனக்கு ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே போகலாம் போலிருந்தது. இரண்டு வருசத்தில் அக்கா நிற்காமல் போன முதல் பயணம் அது. அந்த நோட்டில் இருந்தது சாதாரண எண்கள் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இது ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் ஊர் சும்மா இருக்கவில்லை.

எங்கள் கோயிலில் தெருவுக்குத் தெரு அன்பியம் உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லுவார்கள், பிறகு அந்த வீட்டில் காபியும் பிஸ்கட்டும். அக்கா நோட்டில் இரண்டாவது வாரம், எங்கள் அன்பியத் தலைவியம்மா வீட்டில். அவர் காபியை அக்கா கைக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"வேண்டாங்க."

"சக்கரை போடாம வேணா கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாங்க."

"ஏனுங், எங்கூட்டுக் காப்பி ஆகாதுங்களா?"

"வேண்டாங்க."

எல்லோரும் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். தலைவியம்மா சிரித்துக்கொண்டேதான் காபியை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் உள்ளேயே நின்றேன். வெளியே வெயில். நன்மை வாங்குகிற நேரம் வந்தது. சாமியார் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். வரிசை வரிசையாக எழுந்து போகிறார்கள். அக்கா மட்டும் முழங்காலில் அப்படியே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அக்காவின் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். சாமியார் கையில் தூக்கிப் பிடித்த அப்பத்தைப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு அளவு. காகிதம் மாதிரி மெல்லிசு. கோதுமையில் சுட்டது.  அக்கா விரலால் வளையம் போட்டுக் கேட்டது இதைத்தான்.

எங்கள் ஊரில் ஒருத்தர் நன்மை வாங்காமல் உட்கார்ந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. பெரிய பாவம் எதையோ சுமந்துகொண்டிருக்கிறார், அல்லது கோயிலுக்குத் தெரியாமல் யாரோடோ குடும்பம் நடத்துகிறார். வயிறு என்று ஒருத்தருக்கும் தோன்றாது.

மறுநாள் கடையில் அக்காவிடம் மெல்ல ஆரம்பித்தேன். "ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க்கா. அப்பம் வேண்டாம்னா திராட்ச ரசம் மட்டுங்கூடக் குடுப்பாங்களாமா."

"வேண்டாம் சாமி."

கோயிலே பார்க்கத் தனியாகப் போய்க் கிண்ணத்தில் வாய் வைக்கிற ஆள் இல்லை அக்கா. அதுவும் நானே செய்துகொண்ட காரணம்தான்.

அடுத்த ஞாயிறு கோயில் படியில் நானும் சகாயமும். சகாயம் கேட்டான். "ஏன்டா, அக்கா ஏன்டா நன்மை வாங்கறதில்ல?"

எனக்குத் தெரியும். சொல்லக்கூடாது. 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அப்படியொரு வார்த்தை வராது.

"உனக்குத் தெரியாதா? அக்கா ரகசியமா ரெண்டாங் கல்யாணம் பண்ணிருச்சு. மாப்பள பன்னண்டு சக்கரத்து லாரி. ராத்திரியானா தார்ப்பாயப் போத்திட்டுத் தூங்குவாரு."

சகாயம் படியில் உட்கார்ந்து சிரித்தான். ரகசியத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அவன் சிரிக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

மோகனூரிலிருந்து ஸ்டெல்லாவுக்கு ஒரு இடம் வந்தது. பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, அப்படியே பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது அக்காவின் நோட்டில் முப்பத்தைந்தாம் நாள். இன்னும் ஏழே நாள் பாக்கி.

பூசைக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் பையனுடைய பெரியம்மா தலைவியம்மாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் பைக்குகளுக்குப் பக்கத்தில்.

"பொண்ணு தங்கமுங்க, அதுல ஒண்ணுஞ் சொல்றதுக்கில்ல" என்றார் தலைவியம்மா. "ஆனா அவங்கம்மா நாலு வாரமா நன்மை வாங்கறதில்லீங்க. ரெண்டாங் கல்யாணம் ஆயிருச்சுன்னு ஒரு பேச்சு. நமக்கெதுக்குங்க."

பெரியம்மா முகம் சுருங்கியது. "அப்படீங்களா? அப்பறம் எப்படீங்க இந்த ஊட்டுல பொண்ணெடுக்கறது?"

 நான் சொன்னதேதான். வருகிற வழியில் லாரி கழன்றுவிட்டது, தார்ப்பாய் கழன்றுவிட்டது, ரெண்டாங் கல்யாணம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

"அப்படியெல்லாம் இல்லீங்கம்மா" என்று முன்னால் போனேன். "அக்காவுக்கு வந்துங்க..."

"சாமி."

அக்கா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.  அந்த ஒரு 'சாமி'யில் என் வாய் மூடிக்கொண்டது.

பூசை நடந்தது. மோகனூர்க்காரர்கள் வலது பக்கம் மூன்றாவது வரிசை. அக்கா இடது பக்கம். சாமியார் கிண்ணத்தோடு இறங்கி வந்ததும் பெரியம்மா நேராகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். மறைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா எழுந்தார். வரிசையில் போய் நின்றார். முன்னால் எட்டுப் பேர், ஏழு பேர், ஆறு பேர். 'வேண்டாங்க்கா, வேண்டாங்க்கா' என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். முப்பத்தைந்து நாள் சுரைக்காயும் பூசணியும் என் கண் முன்னால் வந்து போயின. அக்கா நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து முழங்காலிட்டார். பெரியம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண் பார்க்கிற சடங்கு கேசரி, பஜ்ஜி, காபியோடு நன்றாக நடந்தது. "நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்று பெரியம்மா அக்காவிடம் காபியை நீட்டினார்.

"வேண்டாங்க."

பெரியம்மா ஏன் என்று கேட்கவில்லை. இனிக் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. அடுப்படியில் வைத்து நான் சொன்னேன். "கெட்டது கெட்டுப்போச்சு. இன்னைக்கு ஒரு நாளாச்சும் காப்பி குடிங்க்கா. எப்படியும் நாளைக்கி ஒண்ணாம் நாளுதான்."

"வேண்டாம் சாமி."

மறுநாள் காலை கடைக்குப் போனேன். அக்கா இன்னும் வரவில்லை. நோட்டைத் திருப்பினேன். முப்பத்தைந்துக்கு நேராக, சாப்பாடு என்ற இடத்தில், 'நன்மை' என்று எழுதியிருந்தது. வயிறு என்ற இடத்தில் 'ஒண்ணுமில்லை'. அதற்குக் கீழே அடிக்கோல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 1.

அக்கா வந்தார். சோற்றுப் போசியை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அதான் ஒண்ணும் பண்ணலியே, முப்பத்தாறுன்னே போடுங்களேன்க்கா" என்றேன்.

அக்கா ஒரு பெரிய தார்ப்பாயை இழுத்து மடிக்க ஆரம்பித்தார். எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

"அக்கா, அந்தப் பேச்சக் கெளப்பி உட்டது நானுங்க்கா. சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னனுங்க. சகாயத்துகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமுங்களா? அப்பறம் ஏனுங்க்கா திட்டல? நாலு அறை அறைஞ்சிருக்கலாமில்லீங்க?"

தார்ப்பாயை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும், எதிரெதிராக நின்று பிடிக்க. அக்கா குனிந்து ஒரு மூலையை எடுத்தார்.

"இந்த மூலையப் புடி" என்றார்.

பிடித்தேன். அன்றைக்கு முழுக்க மூலை பிடித்தேன்.

சகாயத்திடம் போய்க் கேட்டேன். "மாதா சத்தியமா நானு யாருகிட்டயும் சொல்லலடா" என்றான். ஐந்து வருசமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த ஆறு வாரமும் ஞாயிற்றுக்கிழமை அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலம் போனேன். அங்கே பெரிய கோயில். அவ்வளவு கூட்டத்தில் யார் நன்மை வாங்கினார், யார் வாங்கவில்லை என்று பார்க்க ஆள் இல்லை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறார் என்று ஊர் ஒரு காரணம் செய்துகொண்டது. முதல் வாரம் நான் வெளியே வண்டியில் படுத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் உள்ளே போய் அக்காவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன். நன்மை நேரம் வந்ததும் நானும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் எங்கள் இரண்டு பேர் காலையும் தாண்டிப் போனார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏன் என்று சொல்லவில்லை. ஒரு தடவையாவது நானும் அப்படி இருந்து பார்ப்போமே என்று.

நாற்பத்திரண்டு நாள் முடிந்தது. மேடம் கோதுமையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். முதல் நாள் ஒரு சப்பாத்தி. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் மூன்று. நோட்டில் வரிசையாக 'ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை'.

நான் கடையில் கத்தியே விட்டேன். "அக்கா! கோதும ஒண்ணுமே பண்ணலீங்க்கா! சும்மா கெடந்த கோதுமைக்காக இத்தன வாரம்... இத்தன பேச்சு..."

"ஆமா" என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

முட்டை ஒன்றும் செய்யவில்லை. கடலை ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் பால். ஹைவே டீக்கடையில் அரை டம்ளர் காபி, நானே வாங்கிக் கொடுத்தேன். அன்று மதியம் ஆண்டகளூர் கேட் தாண்டும்போது, "சாமி, அந்தப் பங்க்குல நிறுத்து" என்றார். திரும்பி வந்தவர் வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆள் அகப்பட்டுவிட்டான். வீட்டுக்கு வீடு வற்புறுத்தி நீட்டின காபிதான் அது. அக்கா முகத்தில் சந்தோசமும் இல்லை, வருத்தமும் இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவர்களுக்கு இருக்குமே, அந்த அசதி மட்டும் இருந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலிலேயே வரிசையில் போய் நன்மை வாங்கினார். "ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிருச்சாட்ட இருக்குது, நல்லா இருக்கட்டும்" என்றார் தலைவியம்மா. ஊர் அக்காவை மன்னித்துவிட்டது. 

ஸ்டெல்லா கல்யாணம் மோகனூரில் நடந்தது. அடுத்த வருசம் அக்கா கடையை எடுத்துவிட்டு மகளோடு ஓசூர் போனார். தையல் மெஷினை நானும் சகாயமும்தான் குட்டியானையில் ஏற்றினோம். மெஷின் காலில் அந்த நோட்டு இல்லை, கயிறு மட்டும் தொங்கியது. ஓசூரில் மெஷினை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு ஏனுங்க்கா எந்திரிச்சுப் போனீங்க? என்னையச் சொல்ல உட்டிருக்கலாமில்லீங்க?"

அக்கா என் சட்டைத் தோளில் தையல் விட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ரவிக்கையிலிருந்து ஊசியை எடுத்தார். நிற்கவைத்தே தைத்தார். மூலையில் இரண்டு தடவை நூலைத் திருப்பினார்.

"பாத்துப் போ சாமி" என்றார்.

அந்தச் சட்டை இப்போது போடுகிற மாதிரி இல்லை. தோள் மட்டும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவுதான். மல்லூரில் ஓரங்கட்டினவன், மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு இதை எழுதி முடித்திருக்கிறேன். முதலில் சகாயத்துக்குத்தான் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது.  வண்டியை எடுக்கப் போகும்போது ஒரே ஒரு வரி வந்தது.

"அன்னைக்கு இன்னொரு மூலைய நானு புடிச்சிருக்கோணும்டா."